மூன்றரை லட்சம் கழிவு என்றால் மூன்றரை லட்சம் மிச்சமா?

திருச்சியிலிருந்து ஒரு வாசகர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அவருக்கு வயது 34, தனியார் நிறுவனத்தில் வேலை, ஆண்டுச் சம்பளம் ரூ.14 லட்சம். மனைவி பள்ளி ஆசிரியை, ஆண்டுக்கு ரூ.7.2 லட்சம். பிடித்தம் போக மாதம் அவர் கைக்கு ரூ.98,000, மனைவி கைக்கு ரூ.52,000 வருகிறது. வாடகை ரூ.14,000, அப்பாவின் மருத்துவச் செலவு ரூ.12,000. மாதம் ரூ.10,000 கட்டும் ஐந்து லட்ச ரூபாய்ச் சீட்டு இன்னும் எட்டு மாதத்தில் முடிகிறது. கையிருப்பு ரூ.12 லட்சம். மனைவியிடம் திருமணத்தின்போது போட்ட 25 சவரன் நகை இருக்கிறது.

பன்னிரண்டு வருடப் பழைய அடுக்குமாடி வீடு ஒன்றை ரூ.58 லட்சத்துக்குப் பேசியிருக்கிறார்கள். வங்கி ரூ.45 லட்சம் கடன் தருவதாகச் சொல்லியிருக்கிறது. இருபது ஆண்டு, 8 சதவீதம், ரெப்போ வட்டியோடு (வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி கடன் தரும் வட்டி) இணைந்தது. வீட்டுக்கடன் நிறுவனம் ஒன்று 8.9 சதவீதத்தில் 'நிலையான வட்டி' தருகிறேன் என்கிறது. தரகர் மூன்று விஷயங்கள் சொல்லியிருக்கிறார். வருடத்துக்கு மூன்றரை லட்சம் வரி மிச்சமாகும், மத்திய அரசின் ரூ.2.67 லட்சம் மானியம் கிடைக்கும், பத்திரத்தில் ரூ.46 லட்சம் மட்டும் காட்டி மீதி 12 லட்சத்தை ரொக்கமாகக் கொடுத்தால் பத்திரச் செலவும் குறையும். மனைவி பெயரில் பதிந்தால் கட்டணச் சலுகை உண்டு என்று மாமனார் சொல்கிறார். அடுத்த ஆண்டு குழந்தைக்குத் திட்டமிட்டிருப்பதால் மனைவி இரண்டு வருடம் வேலையை விடலாம் என்ற யோசனையும் இருக்கிறது. "வரி மிச்சத்தை வைத்துப் பார்த்தால் தவணை பாரமாகத் தெரியவில்லை, முன்பணம் கொடுத்துவிடலாமா?" என்று கேட்டிருக்கிறார்.

அன்புள்ள நண்பருக்கு,

கடிதத்தை இரண்டு முறை படித்தேன். வரவு செலவை மறைக்காமல் எழுதியிருக்கிறீர்கள். அதனால் நானும் சுற்றி வளைக்காமல் பேசுகிறேன். முன்பணம் கொடுக்க இன்னும் கொஞ்சம் பொறுங்கள். வீடு வாங்கவே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. உங்கள் கணக்கு எதன் மேல் நிற்கிறதோ, அந்த வரி மிச்சம் உங்களுக்குக் கிடைக்கப்போவதில்லை.

மூன்றரை லட்சம் எங்கிருந்து வந்தது?

வீட்டுக்கடன் வட்டிக்கு ரூ.2 லட்சம் வரை (24பி பிரிவு), அசலுக்கு ரூ.1.5 லட்சம் வரை (80சி) கழிவு உண்டு. இரண்டையும் கூட்டினால் மூன்றரை லட்சம். தரகர் சொன்னது இதைத்தான். ஆனால் கழிவு என்பது வரி கணக்கிடும் வருமானத்திலிருந்து குறைப்பது. வரியிலிருந்து குறைப்பது அல்ல. 30 சதவீத வரம்பில் இருப்பவருக்குக்கூட இரண்டு லட்ச ரூபாய்க் கழிவால் மிஞ்சுவது, செஸ்ஸோடு (வரியின் மேல் விதிக்கும் கூடுதல் வரி) சேர்த்து, ரூ.62,400தான்.

அதுவும் பழைய வரி முறையில்தான். 2023-24 நிதியாண்டிலிருந்து, நாமாகப் பழையதைத் தேர்ந்தெடுக்காவிட்டால் புதிய முறைதான் பொருந்தும். அதில் 80சி கிடையாது. நாமே குடியிருக்கும் வீட்டின் கடன் வட்டிக்கும் கழிவு கிடையாது. "அப்படியானால் பழைய முறைக்குப் போகிறேன்" என்பீர்கள். சம்பளக்காரர்கள் ஆண்டுதோறும் மாற்றிக்கொள்ளலாம், தடையில்லை. போட்டுப் பார்ப்போம்.

2025-26 நிதியாண்டின் விகிதப்படி, புதிய முறையில் உங்கள் 14 லட்சத்தில் சம்பளக்காரர்களுக்குப் பொதுவாகக் கிடைக்கும் நிலையான கழிவு ரூ.75,000 போக ரூ.13.25 லட்சத்துக்கு வரி. செஸ்ஸோடு ரூ.81,900 வரும்.

பழைய முறையில் நிலையான கழிவு ரூ.50,000, வட்டிக்கு முழு ரூ.2 லட்சம், 80சி முழு ரூ.1.5 லட்சம், மருத்துவக் காப்பீட்டுக்கு ரூ.25,000 என எல்லாவற்றையும் கழித்தாலும் ரூ.9.75 லட்சம் நிற்கிறது. வரி ரூ.1,11,800. வீட்டுக்கடனைக் காட்டிப் பழைய முறைக்குப் போனால் ஆண்டுக்கு ரூ.29,900 கூடுதலாகக் கட்டுவீர்கள்.

பழைய முறை உங்களுக்கு லாபமாக வேண்டுமென்றால், நிலையான கழிவு தவிர்த்து ஏறக்குறைய ரூ.5.19 லட்சத்துக்குக் கழிவுகள் வேண்டும். உங்களிடம் அவ்வளவு இல்லை. வருங்கால வைப்பு நிதியும் எல்ஐசியும் சேர்ந்தே ரூ.1.32 லட்சம் போகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். 80சி வரம்பில் கடன் அசலுக்கு மிஞ்சும் இடம் ரூ.18,000தான். வாடகைப்படி விலக்கும் சொந்த வீட்டுக்குக் குடிபோனதும் நின்றுவிடும்.

உங்கள் மனைவிக்கோ புதிய முறையில் தள்ளுபடி போக இப்போதே வரி பூஜ்யம். பூஜ்யத்திலிருந்து எதையும் மிச்சம் பிடிக்க முடியாது.

2026 ஏப்ரல் 1 முதல் வருமான வரிச் சட்டம் 2025 நடைமுறைக்கு வருவதால் பிரிவு எண்கள் மாறுகின்றன. பழகிய எண்களையே இங்கே சொல்லியிருக்கிறேன்.

ஆக, வரி மிச்சம் என்ற கணக்கை உங்கள் நோட்டிலிருந்து அடித்துவிடுங்கள். அதன்பிறகும் இந்த வீடு உங்களுக்குக் கட்டுப்படியாகிறதா என்பதுதான் நாம் பார்க்க வேண்டியது.

மானியம் பற்றி ஒரு வார்த்தை. ரூ.2.67 லட்சம் என்பது பிரதமர் வீட்டு வசதித் திட்டத்தின் பழைய வட்டி மானியம். 2022 மார்ச்சோடு முடிந்துவிட்டது. 2024 செப்டம்பரில் தொடங்கிய இரண்டாம் கட்டத் திட்டத்தில் மானியம் அதிகபட்சம் ரூ.1.80 லட்சம். குடும்ப ஆண்டு வருமானம் ரூ.9 லட்சத்துக்குள், வீட்டு மதிப்பு ரூ.35 லட்சத்துக்குள், கடன் ரூ.25 லட்சத்துக்குள் இருப்பவர்களுக்கு மட்டும். உங்களுக்குப் பொருந்தாது.

பத்திரத்தில் குறைத்துக் காட்டுவது

இது தவறு என்பது உங்களுக்கே தெரியும். அதனால்தான் கடிதத்தில் தயங்கித் தயங்கி எழுதியிருக்கிறீர்கள். அசையாச் சொத்துக்காக ரூ.20,000 அல்லது அதற்கு மேல் ரொக்கமாக வாங்கக் கூடாது. வாங்கியவருக்கு அதே அளவு தொகை அபராதமாக விழலாம். கொடுத்த உங்களிடம், 12 லட்சம் எங்கிருந்து வந்தது என்ற கேள்வி வரும். சட்டத்தை ஒரு நிமிடம் தள்ளி வைத்து வெறும் கணக்காகப் பார்த்தாலும் இது உங்களுக்கு நஷ்டம்.

ரூ.30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரையான கடனில், வீட்டு மதிப்பில் 80 சதவீதம்தான் வங்கி தரலாம் என்பது ரிசர்வ் வங்கி விதி. முத்திரைத்தாள், பதிவுச் செலவுகளை அந்த மதிப்பில் சேர்க்க மாட்டார்கள். ரூ.58 லட்சம் என்று பத்திரம் எழுதினால் 45 லட்சம் கடன் கிடைக்கும். பழைய வீட்டுக்கு முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, மொத்தம் 9 சதவீதம், அதாவது ரூ.5.22 லட்சம். உங்கள் கையிலிருந்து போக வேண்டியது 13 லட்சமும் இந்த 5.22 லட்சமும்: ரூ.18.22 லட்சம்.

ரூ.46 லட்சம் என்று எழுதினால் கடன் ரூ.36.8 லட்சத்தோடு நின்றுவிடும். மீதி ரூ.9.2 லட்சம், ரொக்கம் 12 லட்சம், பத்திரச் செலவு ரூ.4.14 லட்சம் எல்லாம் உங்கள் கையிலிருந்துதான்: ரூ.25.34 லட்சம். ஒரு லட்சத்துச் சொச்சம் மிச்சம் பிடிக்கப் போய் ஏழு லட்சம் கூடுதலாகப் புரட்ட வேண்டும். பிறகு என்றைக்காவது விற்கும்போது உங்கள் வாங்கிய விலை 46 லட்சம் என்றே எடுத்துக்கொள்ளப்படும். இன்று விற்பவர் மறைக்கும் 12 லட்ச ரூபாய் லாபத்துக்கு நாளை நீங்கள் 12.5 சதவீதம், ரூ.1.5 லட்சம் வரி கட்டுவீர்கள். பலன் முழுவதும் அவருக்கு. தரகரிடம் "முழு விலைக்கும் பத்திரம், முழுப் பணமும் வங்கி வழியாக" என்று ஒரே பேச்சாகச் சொல்லிவிடுங்கள்.

முழு விலை காட்டும்போது ஒரு கடமை உண்டு. விலை ரூ.50 லட்சமோ அதற்கு மேலோ இருந்தால், விற்பவருக்குக் கொடுக்கும் தொகையில் 1 சதவீதம் டிடிஎஸ் பிடித்து அரசுக்குக் கட்ட வேண்டியது வாங்குபவர். உங்களுக்கு ரூ.58,000. இதற்குத் தனிப் பதிவு எண் வேண்டாம், உங்கள் பான் எண்ணும் விற்பவரின் பான் எண்ணும் போதும். பிடிக்க மறந்துவிட்டு ஒரு வருடம் கழித்து நோட்டீஸோடு என்னிடம் வந்தவர்கள் பலர். விற்பவர் வெளிநாட்டில் வசிப்பவராக இருந்தால் இந்த 1 சதவீதம் பொருந்தாது. பிடித்தம் மிக அதிகம். அதை முதலிலேயே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

யார் பெயரில்?

மாமனார் சொன்ன சலுகை உண்மைதான். 2025 ஏப்ரல் முதல் பெண்கள் பெயரில் பதியும் சொத்துக்குப் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறைவு. ஆனால் மதிப்பு ரூ.10 லட்சம் வரையிலான சொத்துகளுக்கு மட்டும். உங்கள் வீட்டுக்கு இல்லை.

இருந்தாலும் மனைவியின் பெயர் பத்திரத்தில் கட்டாயம் இருக்க வேண்டும் என்று நான் சொல்வேன். அவருடைய நகையையும் சம்பளத்தையும் சேர்த்துத்தான் இந்த வீட்டை யோசிக்கிறீர்கள். போடுபவருக்குப் பத்திரத்தில் பங்கு இருக்க வேண்டும். இருவர் பெயரிலும், யாருக்கு எத்தனை பங்கு என்று எழுதி, இருவரும் கடனில் கையெழுத்திட்டு வாங்குங்கள். என்றாவது வரிக் கழிவு பயன்படும் நிலை வந்தாலும், உரிமையாளராகவும் கடன்தாரராகவும் இருப்பவர்தான் கேட்க முடியும். மனைவி பெயரில் மட்டும் பதிந்துவிட்டு நீங்கள் தவணை கட்டினால் அந்தக் கழிவு உங்களுக்குக் கிடையாது.

இதில் நிஜமான வரிப் பயன் ஒன்று இருக்கிறது. அதை யாரும் உங்களுக்குச் சொல்லவில்லை. 24 மாதத்துக்கு மேல் வைத்திருந்த நகையை விற்றால் வரும் லாபத்துக்கு 12.5 சதவீத மூலதன ஆதாய வரி உண்டு. சம்பளத்துக்கு வரி பூஜ்யம் என்பதால் இதற்கும் பூஜ்யம் என்று நினைத்துவிடாதீர்கள். புதிய முறையின் தள்ளுபடி இந்த லாபத்துக்குப் பொருந்தாது. தங்கம் ஏறியிருக்கும் ஏற்றத்தில், பல வருடம் முன்பு வாங்கிய நகையில் பெரும்பகுதி லாபமாகவே இருக்கும். ஆனால் நகை விற்ற முழுத் தொகையையும் இரண்டு ஆண்டுக்குள் வீடு வாங்கப் போட்டால் 54எஃப் பிரிவின்படி அந்த வரியே இல்லை. புதிய வரி முறையிலும் இது கிடைக்கும். நகை மனைவியுடையது என்பதால் வீட்டில் அவருக்கும் உரிமை இருந்தால்தான் இந்தச் சலுகை. நகைக்கடை ரசீதுகள் அவருடைய பெற்றோரிடம் இருந்தால் வாங்கி வையுங்கள். விற்ற பணம் மனைவியின் வங்கிக் கணக்குக்கு வந்து, அங்கிருந்தே வீட்டுக்குப் போகட்டும்.

8 சதவீதமா, 8.9 நிலையானதா?

அந்த நிறுவனத்தின் கடிதத்தைத் திரும்பப் படியுங்கள். 'முதல் மூன்று ஆண்டுகளுக்கு' என்று நீங்களே நகலெடுத்து அனுப்பியிருக்கிறீர்கள். பிறகு அது மாறும் வட்டிதான். மூன்று வருட நிம்மதிக்காக 0.9 சதவீதம் அதிகம் கொடுப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. 2019 அக்டோபர் முதல் வங்கிகள் தரும் மாறும் வட்டி வீட்டுக்கடன்கள் ரெப்போ போன்ற வெளி அளவுகோலோடு இணைந்திருக்க வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது வட்டியை மாற்றியமைக்க வேண்டும். வீட்டுக்கடன் நிறுவனங்களுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. வங்கிக் கடனையே எடுங்கள்.

ஆனால் இப்போதைய 8 சதவீதத்தை இருபது வருடத்துக்கும் நம்பாதீர்கள். 2025இல் மட்டும் ரெப்போ 6.5இலிருந்து 5.25க்கு இறங்கியது, எல்லோரும் அதைத்தான் பேசுகிறார்கள். 2022 மே முதல் 2023 பிப்ரவரிக்குள் அதே ரெப்போ 4இலிருந்து 6.5க்கு ஏறியதை மறந்துவிட்டார்கள்.

45 லட்சத்துக்கு 8 சதவீதத்தில் மாதத் தவணை ரூ.37,640. கடன் எடுத்த புதிதில் வட்டி 10 சதவீதமானால், ஒரு மாத வட்டி மட்டும் ரூ.37,500. தவணையை உயர்த்தாமல் விட்டால் அசலுக்குப் போவது ரூ.140! கடன் கரையவே கரையாது. வட்டி ஏறும்போது தவணையை உயர்த்துவதா, காலத்தை நீட்டுவதா என்று கடன்தாரரிடம் கேட்க வேண்டும் என 2023 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி சொன்னது. அப்படிக் கேட்டு வரும் குறுஞ்செய்தியைப் படிக்காமல் விட்டுவிடாதீர்கள். முடிந்தவரை தவணையை உயர்த்துங்கள். 2.5 சதவீதம் ஏறினால், அதாவது 10.5இல், தவணை சுமார் ரூ.44,900. இதைத் தாங்க முடியுமா என்றுதான் நீங்கள் பார்க்க வேண்டும்.

தனிநபரின் மாறும் வட்டி வீட்டுக்கடனை முன்கூட்டி அடைக்கக் கட்டணம் கிடையாது. வட்டி மாறாமல் இருந்தால் மாதம் ரூ.5,000 கூடுதலாகக் கட்டுவதால் கடன் 20 வருடத்துக்குப் பதில் பதினைந்தே கால் வருடத்தில் முடியும். வட்டியில் சுமார் ரூ.12 லட்சம் மிஞ்சும். "வரிச் சலுகை போய்விடும், முன்னதாகக் கட்டாதே" என்று நண்பர் யாராவது சொன்னால் கேட்காதீர்கள். இல்லாத சலுகை எங்கே போகும்?

இப்போது வாங்கலாமா?

சம்பளம் இரண்டு இருக்கும்வரை தவணை உங்கள் வருமானத்தில் கால் பங்குதான். மனைவி வேலையை விட்டபின் உங்கள் 98,000இல் தவணையும் அப்பாவின் மருத்துவமும் போக ரூ.48,360 மிஞ்சும், அதுவும் சீட்டு முடிந்திருந்தால். வட்டி ஏறியிருந்தால் ரூ.41,000 சொச்சம். வாடகை இருக்காது, ஆனால் குழந்தையும் பராமரிப்புக் கட்டணமும் வந்திருக்கும். இறுக்கம்தான், முடியாதது இல்லை.

என் கவலை மாதக் கணக்கில் இல்லை, முதல் நாள் கணக்கில் இருக்கிறது. கையிலிருந்து ரூ.18.22 லட்சம். வழக்கறிஞர், வங்கிச் செயலாக்கக் கட்டணம், பழைய வீடு என்பதால் வயரிங், பெயின்ட் என்று இன்னொரு ஒன்றரை லட்சம் வைத்துக்கொள்ளுங்கள். ஆறு மாதத் தவணை, ரூ.2.26 லட்சம், தொடாத பணமாக வைப்பில் இருக்க வேண்டும். மொத்தம் சுமார் ரூ.22 லட்சம் தேவை, இருப்பது 12. இன்றே வாங்கினால் பத்து லட்சத்துக்கு நகையை விற்றாக வேண்டும்.

எட்டு மாதம் பொறுத்தால் சீட்டுப் பணம் கிட்டத்தட்ட ஐந்து லட்சம் வரும். மாதம் முப்பதாயிரம் எடுத்து வைத்தால் இன்னும் ரூ.2.4 லட்சம். பிறகு குறைவது இரண்டரை லட்சத்துச் சொச்சம்தான். அதற்கு நகையில் ஒரு பகுதி போதும், அதுவும் உங்கள் மனைவி மனதார ஒப்பினால். குழந்தை பிறக்கப்போகும் வீட்டில் நகை என்பது அவசரத்துக்கு உதவும் கடைசிப் பணம். அதை முழுவதும் செங்கல்லாக மாற்றிவிடாதீர்கள். இந்த வீடு கை நழுவிப் போகலாம் என்ற பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் எட்டு மாதத்தில் திருச்சியில் வீடு கிடைக்காமல் போய்விடாது.

விற்பவர் காத்திருக்கச் சம்மதித்தால் ஒப்பந்தம் போடலாம். அதற்கு முன் வங்கியின் வழக்கறிஞரை மட்டும் நம்பாமல் நீங்களே ஒருவரை வைத்து மூலப் பத்திரம், முப்பது ஆண்டு வில்லங்கச் சான்று, கட்டட அனுமதி, பிரிபடாத மனைப் பங்கின் (அடுக்குமாடி நிற்கும் நிலத்தில் அந்த வீட்டுக்கு உரிய பங்கு) அளவு நான்கையும் பாருங்கள். கடன் ஆவணத்தோடு வரும் முக்கிய விவர அறிக்கையில் எல்லாக் கட்டணங்களும் சேர்ந்த ஆண்டு விகிதம் இருக்கும், அதைப் படியுங்கள். கடனோடு சேர்த்து ஒரே தவணைக் காப்பீட்டுப் பாலிசி எடுத்தால்தான் கடன் என்று யாராவது சொன்னால் அது கட்டாயமில்லை. தனியாக ஒரு டேர்ம் பாலிசி (காலத்துக்குள் இறந்தால் மட்டும் பணம் தரும் ஆயுள் காப்பீடு) எடுங்கள், ஆனால் கட்டாயம் எடுங்கள். உங்கள் ஒருவர் சம்பளத்தை நம்பித்தான் அந்த இரண்டு வருடம் ஓடப்போகிறது.

ஒப்பந்தத்தில் முழு விலை ரூ.58 லட்சம் இருக்கட்டும். முன்பணம் ஒரு லட்சத்தைத் தாண்ட வேண்டாம். காசோலையாகவோ வங்கிப் பரிமாற்றமாகவோ மட்டும் கொடுங்கள். "வங்கிக் கடன் கிடைக்காவிட்டாலோ, சொத்து ஆவணத்தில் குறை தெரிந்தாலோ முன்பணத்தை முழுவதும் திருப்பித் தர வேண்டும்" என்ற வரியை எழுத விற்பவர் மறுத்தால், அன்றைக்கே எழுந்து வந்துவிடுங்கள்.